கடிகாரம் யார் கையில்?

போடிநாயக்கனூர் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் ஒரு லாட் ஏலக்காய் விலைபோகச் சில நிமிடங்கள்கூட ஆவதில்லை. வியாபாரியின் கைக்கு மாதிரிக் காய் வருகிறது. உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்க்கிறார். பச்சை எப்படி இருக்கிறது, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் தேறுமா, வெடித்த காய் எவ்வளவு, கனம் இருக்கிறதா. எதிரே திரையில் லாட் எண்ணும் எடையும் தெரிகின்றன, விலை ஏறிக்கொண்டே போகிறது. கேட்பதா, விடுவதா? யோசித்து முடிப்பதற்குள் அடுத்த லாட் வந்துவிடும். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்துப் புத்தடி மையத்திலும் இதே வேகம்தான்.

வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் அது சூதாட்டம் மாதிரித் தெரியும். உண்மையில் அந்த அறைக்குள் எடுக்கப்படும் முடிவு மிகச் சிறியது. எந்த ஊர்ப் பார்ட்டிக்கு எத்தனை மூட்டை, எந்த ரகம், கிலோவுக்கு அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதையெல்லாம் விவரமான வியாபாரி முன்னாலேயே போனில் பேசி முடித்திருப்பார். அறைக்குள் மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: இந்தக் காய் அந்த ரகத்தில் சேருமா? அதற்குப் பதில் சொல்லப் பல வருஷம் காய் பார்த்த கண் போதும்.

நேர நெருக்கடி முடிவெடுக்கும் திறனை என்ன செய்கிறது என்று யாரைக் கேட்டாலும் ‘அவசரம் புத்தியைக் கெடுக்கும்’ என்றுதான் பதில் வரும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். அதே வாய்தான் ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்றும் சொல்கிறது. சரி, எப்போது எது பொருந்தும்? இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான். அவசரம் நமக்குப் புதிதாக எதையும் தருவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதைத்தான் வெளியே இழுத்துப் போடுகிறது. அப்புறம், அந்த அவசரத்தை உண்டாக்கியது யார் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறுகிறது. முதல் விஷயத்தைப் பற்றி உளவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

முதலில், நேரம் சுருங்கும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1988இல் பெய்ன், பெட்மன், ஜான்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். நெருக்கடி லேசாக இருந்தால் மனிதர்கள் அதே வேலையையே கொஞ்சம் வேகமாகச் செய்கிறார்கள். அது போதாவிட்டால் சில தகவல்களைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். அதுவும் போதாவிட்டால் முறையையே மாற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றையும் எல்லாக் கோணத்திலும் எடைபோடுவதை நிறுத்திவிட்டு, மிக முக்கியமான ஓர் அம்சத்தை மட்டும் எடுத்து, அதில் எது முந்துகிறது என்று பார்க்கிறார்கள். இதைப் புத்தி மழுங்கியதன் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்கில், நேரம் கடுமையாகக் குறைந்தபோது, எல்லாவற்றையும் எடைபோடும் ‘சரியான’ முறை பாதியில் அறுந்து போய் மோசமான விடையைத் தந்தது. எளிய விதிகள் அதைவிட நன்றாகச் செய்தன. முழுசாகச் செய்ய முடியாத நல்ல முறையைவிட, முடிக்கக்கூடிய சுமாரான முறை மேல்.

ஆனால் எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். 1974இல் பீட்டர் ரைட் என்பவர் கார்களை மதிப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். நேரம் குறைவாக இருந்தவர்கள் குறைவான அம்சங்களைப் பார்த்தார்கள், பாதகமான தகவலுக்கு வழக்கத்தைவிட அதிக எடை கொடுத்தார்கள். குறை சட்டென்று கண்ணில் பட்டுவிடுகிறது, நிறையைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னாலேயே, 1959இல், ஈஸ்டர்புரூக் என்பவர் பதற்றம் கூடக்கூடக் கவனத்தின் வட்டம் சுருங்குகிறது என்று சொல்லியிருந்தார். நடுவில் இருப்பது இன்னும் தெளிவாகத் தெரியும், ஓரத்தில் இருப்பது மறைந்துபோகும். செய்ய வேண்டிய வேலை நடுவில் இருந்தால் இது வரம். ஆபத்து ஓரத்திலிருந்து வந்தால் சாபம்.

1983இல் வந்த குருக்லான்ஸ்கி, ஃபிராய்ண்ட் இருவரின் ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. நேரம் நெருக்கும்போது முதலில் கேட்ட தகவல் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வருவது அதைத் திருத்துவதில்லை. முதலில் காதில் விழுந்த எண்ணும் அப்படியே தங்கிவிடுகிறது, ஆட்களைப் பற்றி முன்பே வைத்திருந்த அபிப்பிராயமும் அப்படியே ஓங்கி நிற்கிறது. காலையில் காதில் விழுந்த முதல் விலை மத்தியானம் வரைக்கும் தலையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

வேகத்துக்கும் துல்லியத்துக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலை 1978இல் ரோஜர் ராட்கிளிஃப் ஒரு கணித வடிவத்தில் எழுதினார். இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சாட்சியம் துளித்துளியாகச் சேர்கிறது, ஒரு பக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் முடிவு விழுகிறது. அவசரம் என்பது அந்த அளவைத் தாழ்த்துவது. தராசு முள் ஆடி ஓய்வதற்கு முன்பே, சாய்ந்த பக்கத்தைப் பார்த்து எடையைச் சொல்லிவிடுகிற மாதிரி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாட்சியம் பலமாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அளவைத் தாழ்த்தினாலும் பெரிய நஷ்டம் இல்லை. கண்ணைப் பறிக்கும் முதல் தரக் காயையும் யாருக்கும் வேண்டாத கழிவுக் காயையும் எவ்வளவு அவசரத்தில் பார்த்தாலும் தவறாது. அடி விழுவது நடுத்தரச் சரக்கில்தான். அவசரத்தின் விலையைக் கொடுப்பது எப்போதும் இந்த இரண்டும் கெட்டான் விஷயங்கள். வாழ்க்கையில் நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான் என்பது வேறு கதை.

அனுபவசாலிகள் விஷயம் தனி. 1980களின் நடுவில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் அமெரிக்கத் தீயணைப்புக் குழுத் தலைவர்களிடம் போய், எரியும் வீட்டின் முன்னால் நின்று எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். பெரும்பாலான முடிவுகளில் ஒப்பீடே இல்லை. நிலைமையைப் பார்த்ததும் ‘இது இன்ன மாதிரித் தீ’ என்று அடையாளம் தெரிந்துவிடுகிறது, அதற்கான முதல் வழி மனத்தில் வருகிறது, அதை மனத்துக்குள்ளேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள், தடங்கல் தெரியாவிட்டால் இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான். 1988இல் அவரும் சகாக்களும் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்ததும் இதை ஒட்டியே வந்தது. மிக வேகமான ஆட்டத்தில் சாதாரண ஆட்டக்காரர்களின் நகர்த்தல்கள் தரம் குறைந்த அளவுக்கு, தேர்ந்தவர்களின் நகர்த்தல்கள் குறையவில்லை.

போடிக்காரர்களுக்குத் தீ என்பது புத்தகத்து உதாரணம் இல்லை. 2018 மார்ச் 11 அன்று ஊருக்கு மேலே குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில், மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அன்று அங்கே யார் என்ன செய்திருக்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் மலைச்சரிவில் புல் எரியும்போது கிடைக்கும் நேரம் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, உலகமே திரும்பத் திரும்பப் படிக்கும் இன்னொரு தீ இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கும் படையினர் தீயிடம் மாட்டிக்கொண்டார்கள். தீ மேட்டை நோக்கித் துரத்துகிறது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து ஓய்ந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் உள்ளே வரச் சொன்னார். எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இல்லை. அவர் பிழைத்தார். கூப்பிட்டதைப் பொருட்படுத்தாமல் ஓடியவர்களில் இரண்டு பேர் மட்டுமே தப்பினார்கள். இறந்தவர்கள் 13 பேர்.

இந்தச் சம்பவம் என் வாதத்துக்குக் கொஞ்சம் இடக்கானது. அவசரம் புதிதாக எதையும் தராது என்றேன். டாட்ஜ் அந்த வழியை யாரிடமும் கற்றதில்லை, அந்தக் கணத்தில் தோன்றியது. ஆக விதிவிலக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மற்றவர்களைப் பாருங்கள். உயிர் காக்கும் யோசனை கண்ணெதிரே இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லவும் ஆள் இருக்கிறது. இருந்தும் அந்தச் சில நொடிகளில் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. முன்னால் பார்த்ததே இல்லை. தீக்கு நடுவே இன்னொரு தீ வைக்கும் ஆளைப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதானே தோன்றும்? அவர்களுக்குத் தெரிந்தது ஓடுவது, ஓடினார்கள். அதன் பிறகு அமெரிக்க வனத்துறை பயிற்சி முறைகளையும் பாதுகாப்பு விதிகளையும் மாற்றியமைத்தது. நொடிக் கணக்கில் புரிய வைக்க முடியாததை வாரக் கணக்கில் முன்கூட்டியே புரிய வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அனுபவத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பதும் ஆபத்து. உள்ளுணர்வைக் கொண்டாடிய கிளைனும், உள்ளுணர்வைச் சந்தேகித்தே பேர் வாங்கிய டேனியல் கானெமனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போட உட்கார்ந்தவர்கள் ஒரு இடத்தில் ஒத்துப்போனார்கள். எந்தத் துறையில் விஷயங்கள் ஒழுங்கோடு நடக்கின்றனவோ, எதில் செய்த தவறு சீக்கிரமே தெளிவாகத் தெரிந்துவிடுகிறதோ, அதில் மட்டும்தான் நிபுணரின் சட்டென்ற தீர்ப்பை நம்பலாம். மற்ற இடங்களில் அனுபவம் தன்னம்பிக்கையை வளர்க்கும், திறமையை வளர்க்காது.

ஏல அறைக்குள் திரும்பிப் போனால் இது பளிச்சென்று தெரியும். ஒரே வியாபாரி, ஒரே நாற்காலி, ஆனால் இரண்டு தீர்ப்புகள். காயின் தரத்தைப் பற்றியது ஒன்று. தப்பு செய்தால் மூட்டையைப் பிரித்துச் சலிக்கும்போதே தெரிந்துவிடும், அடுத்த முறை கண் திருந்தும். இன்னொன்று, விலை மேலே போகுமா கீழே வருமா என்பது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலைத் தோட்டங்கள் அடிபட்டன, அடுத்த கோடையில் மழையும் ஏமாற்றியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. இன்னும் ஏறும் என்று அப்போது நம்பியவர்கள் எத்தனையோ பேர். இரண்டு மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மழை, குவாத்தமாலா நாட்டில் விளையும் காய், வளைகுடா ஆர்டர் என்று எது எப்போது விலையைத் தள்ளும் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. காய் பார்க்கும் கண்ணுக்குள்ள கூர்மை விலை பார்க்கும் கண்ணுக்கு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே தலையில் இருப்பதால், முதல் விஷயத்தில் கிடைத்த துணிச்சலை இரண்டாவதிலும் காட்டிவிடுகிறோம். அவசரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கடிகாரத்தை யாரும் தனியாகப் பிடித்திராத நிலைமை. தீ யாருக்காகவும் நிற்காது. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோரில் ஏற்றத் தாமதித்தால் நிறம் மங்கும். அது இயற்கை வைக்கும் கெடு, அதோடு பேரம் பேச முடியாது. ஆனால் மனிதர்கள் வைக்கும் கெடுவில் ஒரு வார்த்தையை மாற்றினால் எல்லாருடைய நடத்தையும் மாறிவிடும். இதற்கு மிக அழகான சான்று இணைய ஏலங்களிலிருந்து கிடைத்தது. 2002இல் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் ஈபே, அமேசான் இரண்டின் ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் குறித்த நேரம் வந்தால் ஏலம் முடிந்தது. அன்றைய அமேசானில் கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் இன்னும் பத்து நிமிடம் நீளும். ஈபேயில் கூட்டம் கூட்டமாகக் கடைசி நொடிகளில் பாய்ந்தார்கள், அமேசானில் அந்தப் பாய்ச்சல் வெகு குறைவு. ஆட்களின் குணம் மாறவில்லை, மணி அடிக்கும் விதிதான் வேறு.

நெதர்லாந்தின் ஆல்ஸ்மேரில் பூ ஏலம் இறங்குமுகமாக ஓடும் கடிகாரத்தை வைத்து நடக்கும். விலை மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. இந்த வகை ஏலத்தைக் கடோக், குவாஸ்னிக்கா என்ற இருவர் 2008இல் ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்தார்கள். கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டபோது விற்பவருக்கு அதிக விலை கிடைத்தது. காத்திருப்பதே ஒரு செலவு என்று ஆனதும், வாங்குபவர்கள் முன்னதாகவே அழுத்திவிட்டார்கள். வேகம் கூடினால் விற்பவருக்கு லாபம் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர் எதிர்.

ஏலம் விடும் முறையைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி இருந்தும், நம் பக்கத்து மார்க்கெட்டுகளில் தரகு நடக்கும் நேரத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஓணத்துக்கு முந்தின அதிகாலைகளில் தோவாளை பூ மார்க்கெட்டில் திருவனந்தபுரத்து வண்டிகள் கிளம்புவதற்குள் பேரம் முடிந்தாக வேண்டும். வாடும் பூவை வைத்திருப்பவருக்கும் அவசரம், அத்தப்பூ போடும் நேரத்துக்குள் ஊர் சேர வேண்டியவருக்கும் அவசரம். அதனால் அது ஓரளவு சமமான ஆட்டம். ஒருவருக்கு மட்டும் அவசரம் என்றால் ஆட்டமே வேறு.

அந்த ஒருவர் பெரும்பாலும் கையில் பணம் இல்லாதவர். ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கலாம், ஆனால் பணம் கைக்கு வர நாளாகும். பள்ளிக்கூடத்துக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ கழுத்தில் இருக்கும் சிறு விவசாயி, கேட்ட விலைக்குப் பச்சையாகவே கொடுத்துவிட்டுப் போவார். இதைப் பார்த்து ‘இவங்களுக்குக் கணக்குத் தெரியல’ என்று சொல்பவர்கள், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்தே நடந்த ஓர் ஆய்வைப் படிக்க வேண்டும். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆய்வாளர்களில் செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபிரும் அடக்கம். அறுவடைக்கு முன் காசு முடையில் இருக்கும்போதும், அறுவடைக்குப் பின் கையில் பணம் புழங்கும்போதும் அதே விவசாயிகளுக்கு அதே மாதிரியான அறிவுச் சோதனைகள் வைக்கப்பட்டன. முன்னதில் மதிப்பெண் குறைந்தது, பின்னதில் கூடியது. ஆள் அதே ஆள்தான். முடை அவருடைய தலையின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது.

காசுக்குப் பதில் நேரத்தை முடையாக்கிப் பார்த்த சோதனையும் உண்டு. 2012இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் ஒரு கேள்வி-பதில் விளையாட்டை நடத்தினார்கள். சிலருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் தாராளமான நேரம், சிலருக்குச் சில நொடிகள். வேண்டுமானால் அடுத்த சுற்றிலிருந்து நேரத்தைக் கடன் வாங்கலாம், வட்டியோடு திருப்ப வேண்டும். நேரம் குறைவாக இருந்தவர்கள்தான் அளவுக்கு மீறிக் கடன் வாங்கினார்கள், கடைசியில் மொத்தமாகத் தோற்றார்கள். கடன் வசதியே இல்லாமல் ஆடியபோது அவர்களுக்கு அதிகப் புள்ளி கிடைத்தது. தட்டுப்பாடு இந்தச் சுற்றை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது, அடுத்த சுற்று கண்ணிலேயே படுவதில்லை.

இந்தப் பலவீனம் தெரிந்தவர்கள் அதை வைத்துப் பிழைக்கவும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி கிடையாது. அதனால் குமுளியிலும் வாளையாறிலும் ஆரியங்காவிலும் எல்லை தாண்டியதுமே டிக்கெட் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. தினசரிக் குலுக்கல் மத்தியானம் மூன்று மணிக்கு. ‘அண்ணே, இன்னும் அரை மணி நேரந்தான், இதுதான் கடைசி நம்பர்’ என்று நம்மைப் பார்த்துத் தமிழில் சொல்கிற குரலில் ஒரு பொய்யும் இல்லை. குலுக்கல் மூன்று மணிக்குத்தான். ஆனால் வாங்குகிறவருக்கு அதில் என்ன அவசரம்? காலையில் வாங்கிய டிக்கெட்டுக்கும் கடைசி நிமிடத்தில் வாங்கியதற்கும் வாய்ப்பு ஒன்றே, நாளைக்கும் குலுக்கல் உண்டு. விற்பவரின் அவசரத்தை வாங்குபவரின் அவசரமாக மாற்றுவதுதான் அங்கே நடக்கும் வியாபாரம்.

லாட்டரிக் கடை பாவம், சின்ன ஆள். இணையக் கடைகளில் ‘இன்னும் இரண்டே இரண்டுதான் இருக்கிறது’, ‘சலுகை முடிய 4 நிமிடம்’ என்று எண்கள் ஓடுவது இதே வித்தைதான், ஆனால் பல நேரம் அதில் உண்மையும் இருக்காது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் முதலாவதாகவே பொய்யான அவசரத்தைச் சேர்த்திருக்கிறது.

இதன் கொடூரமான வடிவம் ‘டிஜிட்டல் கைது’. போலீஸ், சுங்கத்துறை, சிபிஐ என்று ஏதோ ஒரு பெயரில் வீடியோ அழைப்பு வருகிறது. உங்கள் பெயரில் போதைப் பார்சல் வந்திருக்கிறது, இணைப்பைத் துண்டித்தால் கைது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. இந்திய சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. படித்தவர்களும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்களும்கூட மாட்டிக்கொள்கிறார்களே என்று ஆச்சரியப்படுவோம். மேலே பார்த்த ஆய்வுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். பயத்தால் கவன வட்டம் சுருங்குகிறது. முதலில் சொன்ன பொய் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒரு நிலைமை வாழ்க்கையில் வந்ததே இல்லை என்பதால் அடையாளம் காண எந்த அனுபவமும் உள்ளே இல்லை. மோசடிக்காரன் மணிக்கணக்கில் அழைப்பை வைத்திருப்பான், ஆனால் யோசிக்க ஒரு நிமிடம் தர மாட்டான். நீண்ட நேரம் நடந்தாலும் அது நேர நெருக்கடிதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு. பணம் அனுப்பும் வரைக்கும் தாமதம் உங்கள் நண்பன். அழைப்பைத் துண்டியுங்கள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லுங்கள், நாளைக் காலை பார்க்கலாம் என்று விடுங்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நொடியிலிருந்து எல்லாம் தலைகீழ். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும், ஏனென்றால் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள்தான் முடக்க முடியும். ஆனால் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் எதிர்மாறாகத்தான் செய்கிறார்கள். அனுப்பும்போது அவசரப்படுகிறார்கள், அனுப்பிய பின் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள்.

சட்டம் நுழையக்கூடிய இடமும் இதுதான். ஆயுள் காப்பீடு எடுத்தவர், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். 2024க்கு முன் பொதுவாக 15 நாளாக இருந்தது. மார்ச் மாதக் கடைசியில் வரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏஜென்ட் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு, அந்த நெருக்கடி முடிந்த பிறகு ஒரு மாதம் யோசிக்கக் கிடைக்கிறது. மனிதனைத் திருத்தப் பார்க்காமல் கடிகாரத்தைத் திருத்துகிறது இந்த விதி. எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது. ‘நிதானமாக இருங்கள்’ என்று அறிவுரை சொல்வதால் யாரும் நிதானமானதாகத் தெரியவில்லை.

முன்கூட்டியே எழுதி வைப்பது இன்னொரு வழி. 2013இல் அமெரிக்காவில் அறுவைசிகிச்சைக் குழுக்களைச் செயற்கையான நெருக்கடிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். சரிபார்ப்புப் பட்டியல் கையில் இல்லாதபோது செய்ய வேண்டிய உயிர்காக்கும் படிகளில் 23 சதவீதம் விடுபட்டது, பட்டியல் இருந்தபோது 6 சதவீதம்தான். அனுபவமுள்ள டாக்டர்களுக்கே இந்த நிலை என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம். அதிகபட்ச விலையைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்து வரும் வியாபாரியும், ‘போனில் பணம் கேட்டால் யாராக இருந்தாலும் வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவோம்’ என்று வீட்டில் பேசி வைத்திருக்கும் குடும்பமும் செய்வது இதே வேலைதான்.

ஆனால் கடிகாரம் நம் கையிலேயே இல்லாதபோது பட்டியலால் என்ன செய்ய முடியும்? தேனி மாவட்டத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம், தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் மூன்று, நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். குமுளி வழியாகவோ கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவோ ஏறி இடுக்கித் தோட்டங்களில் காய் பறிக்கப் போக வேண்டும். மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, எடுப்பதற்குள் போய்ச் சேரவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. போடி மெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ‘ஏறுங்கக்கா, நேரமாச்சு’ என்று அளவுக்கு மேல் ஆளை அடைத்துக்கொண்டு ஜீப் விரைவதும், விபத்து நடப்பதும் இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களில் பழகிப்போன செய்தி. ஒவ்வொரு முறையும் டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதி முடிப்பார்கள்.

1973இல் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் இருவரும் நடத்திய சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. பாதிரியார் பயிற்சி மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு நிகழ்த்த அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார், அவர் சோதனைக்காக வைக்கப்பட்ட ஆள். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ‘ஏற்கெனவே தாமதம், ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். பேசப் போன தலைப்பு நல்ல சமாரியன் கதையாக இருந்தபோதும், அடிபட்டவனுக்கு உதவியவனைப் பற்றியே பேசப் போன அந்த மாணவர்களும், தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. குணமும் படிப்பும் சாதிக்காததை அந்த ஒரு வரி விரட்டல் சாதித்தது.

வளைவில் ஜீப் டிரைவர் எடுக்கும் முடிவும் வளைவில் எடுக்கப்படுவதில்லை. மலை உச்சியில் மஸ்டர் நேரத்தைக் குறித்தவர் அதை எடுத்துவிட்டார். அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தி ஆளை எண்ணி அபராதம் போட்டால், இழந்த அந்தப் பத்து நிமிடத்தையும் டிரைவர் மேலே போகும் வழியில்தான் பிடிக்கப் பார்ப்பார். அதைவிட, மழைநாளிலும் பனிமூட்ட நாளிலும் தோட்டத்து மஸ்டரை அரை மணி தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லலாம், தாமதமாக வந்தவருக்கு முழுக்கூலியை வெட்டாமல் அந்த நேரத்துக்கு உண்டானதை மட்டும் கழிக்கச் சொல்லலாம். இரண்டு மாநிலத்துத் தொழிலாளர் துறைகளும் தோட்ட முதலாளிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலை இது. தொழிலாளி இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம் என்பதால் அந்த மேசையை யார் போடுவது என்பதில்தான் விஷயம் நிற்கிறது.